ஜெனரலுக்கு எள்ளும் தண்ணீரும்

மகாளய அமாவாசை அன்று குத்தாலம் காவிரிப் படித்துறையில் நின்று காது கொடுத்துக் கேட்டால் ஊரின் முன்னோர் பெயர்கள் வரிசையாக வரும். வைத்தியலிங்கம், மருதமுத்து, தையல்நாயகி. நடுவில் ஒரு குரல் மட்டும் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "காசியப கோத்திரம், கொன்ராட் எல்லர்ஹோஃப்" என்று சொல்லும். பக்கத்துப் படியில் நிற்பவர் ஊருக்குப் புதியவர் என்றால் திரும்பிப் பார்ப்பார். உள்ளூர்க்காரர் திரும்ப மாட்டார். அமிர்தலிங்கத்தின் குடும்பத்தில் ஒரு ஜெர்மன் ராணுவ ஜெனரலுக்கு வருஷா வருஷம் தர்ப்பணம் நடப்பது குத்தாலத்துக்குப் பழைய செய்தி.

கோத்திரம் தெரியாதவருக்குக் காசியப கோத்திரம் சொல்வது வழக்கம். இறந்த திதி தெரியாதவருக்கு மகாளய அமாவாசையில் கொடுப்பதும் வழக்கம். உறவே இல்லாவிட்டாலும், நமக்கு நன்மை செய்தவர் என்றால் காருண்ய பித்ரு என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் விடலாம். இந்த மூன்று சலுகைகளையும் ஒரே ஆளுக்கு வாங்கிக் கொடுத்தவர் அமிர்தலிங்கத்தின் அப்பா தியாகராசன். 1946இல் ஆரம்பித்து, 1994இல் கண்ணை மூடும் வரை அவர் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. அதற்குப் பிறகு மகன் பிடித்துக்கொண்டார்.

தியாகராசன் இருபத்திரண்டு வயதில் தகப்பனாரோடு சண்டை போட்டுக்கொண்டு வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்காவின் டோப்ருக் பாலைவனத்தில் பிடிபட்டார். கப்பலில் ஏற்றி இத்தாலிக்குக் கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் காவலர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கைதிகள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். அவர்களைத் தேடிப் பின்னாலேயே ஜெர்மன் படை வந்தது. இரண்டு நாள் பதுங்கிப் பதுங்கி நடந்த தியாகராசன் மூன்றாம் நாள் விடியலில் கண் விழித்தால், நாலா பக்கமும் நெல் வயல். வரப்பு இருந்தது, வாய்க்கால் இருந்தது, மதகுகூட இருந்தது. செத்துப்போய்க் குத்தாலத்துக்கே வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாராம்.

அந்த ஊர் வெர்னோலா. வடக்கு இத்தாலியில் போ ஆறு பாயும் நெல் சீமையில் ஒரு சின்னக் கிராமம். அங்கே தெரேசா என்ற ஒரு அம்மாள், புருஷன் கார்லோ, பிள்ளைகள் பியேரோ, நீனோ என்று நாலு பேர் இருந்த வீட்டில், மாட்டுக்கொட்டகைப் பரணில் அவரை ஒளித்து வைத்தார்கள். இருபத்து மூன்று நாள். தினமும் மக்காச்சோளக் களியும் பாலும் பரணுக்கு ஏறி வரும். கீழே இறங்காதே என்று தெரேசா கையாலும் கண்ணாலும் நூறு தரம் சொல்லியிருந்தாள். இந்த ஆளை நம்ப முடியாது என்று பட்டதோ என்னவோ, அவருடைய பூட்ஸையும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள்.

ஆனால் பரணில் ஒரு ஓட்டை இருந்தது. அது வழியாகப் பார்த்தால் வயல் தெரியும். ஊரின் ஆம்பளைகள் பாதிப் பேர் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்க, நாலு பேரும் அறுத்து மாளவில்லை. இருபத்து நாலாம் நாள் காலை தியாகராசன் வெறுங்காலோடு இறங்கிப் போய்க் கதிர் அருவாளைப் பிடித்துவிட்டார். "நெல்லு உதிருதுய்யா. பாத்துக்கிட்டே எப்புடி உக்காந்துருக்குறது?" என்பார், கடைசிக் காலத்தில்கூட. டெல்டாக்காரனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவருக்கோ அதைச் சொல்வதில் ஒரே பெருமை.

பத்து மணிக்குள் ஜெர்மன்காரர்கள் வந்துவிட்டார்கள். இத்தாலிக்காரர்கள் நடுவில் இவர் நிறம் ஒரு மைல் தூரத்துக்குத் தெரிந்திருக்கும். ராணுவ உடுப்பு இல்லாமல், இவரைப்போல இரவல் சட்டையில் பிடிபடும் கைதியைச் சுட்டுவிடுவார்கள் என்று முகாமிலேயே பேச்சு. வரப்பில் நிறுத்தித் துப்பாக்கியைத் தூக்கிய நேரத்தில் சாலையில் ஒரு கார் நின்றது. நெட்டையாக ஒருவர் இறங்கி வந்தார். அவர்தான் ஜெனரல். அவர் இவரைப் பார்க்கவில்லை, இவர் கட்டிப்போட்ட நெற்கட்டைப் பார்த்தார். வைக்கோலையே பிரியாகத் திரித்துக் கட்டியிருந்தது. இன்னொன்று கட்டு என்று சைகை காட்டினார். துப்பாக்கி முனையில் இவர் கட்டினார். ஜெனரல் அதைத் தூக்கி உதறிப் பார்த்தார். ஒரு தாள்கூட உருவி விழவில்லை. ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். தியாகராசனை லாரியில் ஏற்றி வேறு முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு காவலாளிதான் ஜெனரலின் பெயரைச் சொன்னான்.

ஊர் திரும்பியவர், இடையில் இறந்துபோயிருந்த அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஆரம்பித்தபோதே ஜெனரலையும் சேர்த்துக்கொண்டார். ஜெர்மனி தோற்றுவிட்டது, ஜெனரல் எப்படி உயிரோடு இருப்பார் என்பது அவர் கணக்கு. அமிர்தலிங்கத்துக்கும் அந்த நன்றி சும்மா வாய்வார்த்தை இல்லை. அந்த இரண்டு வார்த்தை இல்லையென்றால் தான் இல்லை, மகள் ஷோபனா இல்லை, லீவுக்கு வந்து காவிரியில் விழுந்து விழுந்து நீச்சல் கற்ற தன் பேரப்பிள்ளைகூட இல்லை என்று அவர் அடிக்கடி நினைப்பார். நினைக்கும்போது நெஞ்சு நிறைந்துபோகும்.

அவர் செய்த ஒரே வம்பு, அந்த நன்றியை இன்னும் ஒழுங்காகச் செய்ய ஆசைப்பட்டது. ஷோபனா ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் கார் கம்பெனி வேலையில் இருந்தாள். "ஏம்மா, அங்கதானே இருக்க. அவரு செத்த தேதியும் அவங்க அப்பா பேரும் மட்டும் விசாரிச்சுச் சொல்லு. திதி பாத்து முறையா குடுத்துடுவோம்" என்று கேட்டார்.

ஆவணி கடைசியில் அவள் கூப்பிட்டாள். அமிர்தலிங்கம் வயலில் இருந்தார். குறுவை அறுவடை, மெஷின் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, தாத்தாவோட ஜெனரல் கெடைச்சுட்டாரு! போட்டோகூட இருக்கு."

"அப்புடியா! சொல்லு, சொல்லு."

அவள் படித்துச் சொன்னாள். பாதிரியார் மகன். பதினெட்டு வயதில் ராணுவப் பள்ளி. முதல் உலகப் போரில் லெப்டினன்ட், இரண்டு தடவை குண்டடி, மார்பு நிறையப் பதக்கம். 1936இல் கர்னல், 1940இல் ஜெனரல். அமிர்தலிங்கம் தன் சொந்தச் சித்தப்பா கலெக்டர் ஆனதைக் கேட்பது மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"செத்தது எப்பம்மா? சண்டையிலயா?"

"இல்லப்பா. 1969, பிப்ரவரி. ஏரிக்கரையில சொந்த வீட்டுலதான்."

அமிர்தலிங்கம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். 1946இலிருந்து 1969 வரை. இருபத்து மூன்று வருஷம், ஏதோ ஒரு ஏரிக்கரை வீட்டில் மனுஷன் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, இங்கே அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவருக்குத் தர்ப்பணம்! அன்று சாயங்காலமே புரோகிதர் வீட்டுக்கு ஓடினார்.

புரோகிதர் சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்துட்டார்னு வதந்தி வந்தாலே ஆயுசு கெட்டின்னு சொல்லுவா. உங்கப்பா வருஷா வருஷம்னா கெட்டிப்படுத்தியிருக்கார். பாவமெல்லாம் ஒண்ணும் இல்லை, பயப்படாம போங்கோ."

மனைவி அகிலாண்டத்துக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "உங்கம்மா இருவத்து மூணு வருஷம் அந்தாளுக்கு வடை சுட்டதுதான் பாவம்" என்றாள். வீடே அந்த வாரம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஷோபனா மறுபடி கூப்பிட்டாள். குரலில் சத்தமே இல்லை.

"அம்மாவும் பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடுங்கப்பா."

தேதியோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? மகள் முழுதாகப் படித்திருக்கிறாள். 1941இல் ரஷ்யாவில் மூன்று கிராமங்களைக் கொளுத்தச் சொன்ன உத்தரவில் எல்லர்ஹோஃபின் கையெழுத்து இருக்கிறது. போர் முடிந்து 1948இல் அவரை இத்தாலியில் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அந்த விசாரணையின் நகல் அவளுக்குக் கிடைத்தது.

"அவரோட வக்கீல் சொல்றாருப்பா, எங்க கட்சிக்காரர் ஈவு இரக்கம் உள்ளவரு, வெர்னோலாவுல ஒரு நெல்லு வயல்ல இந்தியக் கைதி ஒருத்தனை, அவன் கதிர் கட்டுன நேர்த்தியைப் பாத்து உயிரோட விட்டாருன்னு. தாத்தாதான்ப்பா அது. தாத்தாவைச் சாட்சி மாதிரி சொல்லியிருக்காங்க."

"சரிம்மா. உண்மைதானே."

"உண்மைதான். அதுக்கு அரசாங்க வக்கீல் எந்திரிச்சு ஒரு கேள்வி கேக்குறாரு. அந்தக் கைதியை ஒளிச்சு வச்ச வீடு எதுன்னு. தாத்தா புடிபட்ட மூணாம் நாளு, கைதிக்கு எடம் குடுத்ததுக்காக, தெரேசா, கார்லோ, பியேரோ, நீனோ, நாலு பேரையும் அவங்க வீட்டு வாசல்லயே நிறுத்திச் சுட்டுருக்காங்க. வீட்டையும் கொளுத்திட்டாங்க. நீனோவுக்குப் பதினாலு வயசு. உத்தரவுல கையெழுத்துப் போட்டவரு இவருதான்ப்பா."

ஷோபனா மேலே படித்தாள்.

"பன்னண்டு வருஷம் தண்டனை குடுத்தாங்க. உடம்பு சரியில்லைன்னு நாலே வருஷத்துல விட்டுட்டாங்க. இரக்கம் காட்டுன ஆளுங்குறதும் ஒரு காரணம்னு எழுதியிருக்கு. அப்புறம் பென்ஷன், மூணு பசங்க, ஏரிக்கரை வீடு. ஒரு புஸ்தகம்கூட எழுதியிருக்காரு. நெல்லு வயல் கதை அதுல வருது. தெரேசா பேரு வரலை."

மாப்பிள்ளை பிரபு கார் ஓட்ட, தான் போன ஞாயிற்றுக்கிழமை வெர்னோலாவுக்கே போய் வந்ததையும் சொன்னாள். ஊர் எல்லையில் ஒரு கல். அதில் நாலு பெயர். அந்தக் குடும்பத்தில் மிச்சம் யாருமே இல்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்களாம். கல்லின் போட்டோ வந்தது. அமிர்தலிங்கம் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்து புரியவில்லை, ஆனால் நாலு வரி இருப்பது தெரிந்தது.

அவருக்கு அப்போது அப்பாவின் பழைய கோபம் ஒன்று ஞாபகம் வந்தது. 1950 வாக்கில் தியாகராசன் ஒரு இங்கிலீஷ் வாத்தியாரைப் பிடித்து வெர்னோலாவுக்கு மூன்று கடிதம் எழுதிப் போட்டார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. "பரணுல இருந்த வரைக்கும்தான் பாசம். போனவன் போனான்னு விட்டுட்டாங்க" என்று வருத்தப்பட்டு, பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பதில் போட அங்கே யார் இருந்தார்கள்? அப்பா கடைசி வரை அவர்கள்மேல் மனக்குறையோடே இருந்து போய்ச் சேர்ந்தார்.

இன்னொன்றும் மெல்ல மெல்லத் தெளிந்தது. அதை அவர் மனைவியிடம்கூட ஒரு நாள் முழுக்கச் சொல்லவில்லை. அப்பா பரணிலேயே இருந்திருந்தால்? இறங்காதே என்று அந்த அம்மாள் பூட்ஸை வரைக்கும் ஒளித்து வைத்திருக்கிறாள். இவர் இறங்கினார். நெல் உதிர்கிறது என்று இறங்கினார். எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பேர் நடுவில் அந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்! அமிர்தலிங்கமே நூறு தடவை சொல்லியிருப்பார்.

அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டு எழப் பார்த்தார். அகிலாண்டம் இலையைப் பார்த்தாள்.

"என்னங்க, இப்புடி ரெண்டு நாளா?"

"நாளைக்கு அந்தப் பேரைச் சொல்றதா வேணாமான்னு தெரியல அகிலா. அந்தாளு கொலைகாரன். ஆனா அப்பாவை விட்டது நெசந்தானே? அவன் விடலைன்னா நான் ஏது? நன்றி மறந்தவன்னு ஆயிடாதா? எம்பது வருஷமா சொல்லிக்கிட்டு வர்ற பேரு."

"நீங்க இன்னும் அந்தாளைப் பத்தியே பேசுறீங்க" என்றாள் அகிலாண்டம். பிசைந்த சோற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நான் இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் அந்தாளுக்குன்னு வடை சுட்டுருக்கேன். கொல்லாம விட்டவனுக்கு அம்புட்டு மரியாதை. சோறு போட்டவளுக்கு என்னிக்காவது ஒரு சொட்டுத் தண்ணி விட்டுருக்கோமா?"

"அவங்க செத்தது தெரியாதேடி."

"அந்தாளு செத்தது மட்டும் தெரிஞ்சா விட்டீங்க?"

அறுபத்தேழு வயதில் அமிர்தலிங்கத்தை அந்த மாதிரி யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. ஜெனரல் என்றால் தேடிப் பிடித்துக் கோத்திரம் வைக்கத் தோன்றியிருக்கிறது. களி கிண்டிப் பரணுக்கு ஏறிய ஒரு பொம்பளை உயிரோடு இருப்பாளா என்று நினைத்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றவில்லை, தனக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அதோடு, ரெண்டு நாளாக அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் விட்ட மாதிரியும் இருந்தது. அப்போதுதான் மற்றதையும் மனைவியிடம் சொன்னார். அப்பா இறங்கியதால்தான் அவர்கள் செத்தார்கள் என்பதை. அகிலாண்டம் அதை மறுத்துச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காவிரியில் நல்ல தண்ணீர். படித்துறை முழுக்க ஈர வேட்டிகள். அமிர்தலிங்கம் முழுகி எழுந்து, விரலில் தர்ப்பை மோதிரத்தோடு புரோகிதர் எதிரில் உட்கார்ந்தார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அவர்கள் வீட்டு அம்மாக்கள் எல்லாம் வழக்கம்போல ஆயிற்று. புரோகிதர் காருண்ய பித்ருவுக்கு வந்தார். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல், "காசியப கோத்திரம்" என்று ஆரம்பித்தார்.

"இருங்க சாமி. அவரு வேணாம்."

புரோகிதர் நிமிர்ந்து பார்த்தார். "எம்பது வருஷமா கொடுக்கறேளே?"

"அவருக்கு மூணு பசங்க இருக்காங்களாம். அவங்க பாத்துக்குவாங்க."

சொல்லிவிட்டு அமிர்தலிங்கம் எள்ளைக் கீழே வைத்தார். எழுந்து நின்று மேற்கே பார்த்துக் கையைக் கூப்பினார். அந்தக் கும்பிடில் பொய் இல்லை. எங்கப்பாவை விட்டீங்க, அதுக்குக் கும்புடுறேன், என்று மனசுக்குள் சொன்னார். அதற்குமேல் அவருக்கு அந்த மனுஷனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. மறுபடி உட்கார்ந்து எள்ளை எடுத்துக்கொண்டார்.

"நாலு பேரு புதுசா சொல்லணும் சாமி. காசியப கோத்திரம்னே வச்சுக்குங்க. அவங்களுக்குத் தண்ணி விட வேற ஆளே கெடையாது."

கார்லோ என்றார். பியேரோ என்றார். நீனோ என்றபோது பதினாலு வயது என்பதும் சேர்ந்து வாயில் வந்துவிட்டது. புரோகிதர் ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை கேட்டுச் சரியாகவே சொன்னார். தண்ணீர் விரலிடுக்கில் இறங்கி ஆற்றோடு போயிற்று.

"நாலு பேர்னேளே, இன்னும் ஒருத்தர்?"

"தெரேசா."

"இவா உங்களுக்கு என்ன உறவு? காருண்ய வகையிலேயே சொல்லிடட்டுமா?"

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். புரோகிதர் அவசரப்படுத்தவில்லை.

"எறங்காதேன்னு எங்கப்பாகிட்ட அவ்வளவு தூரம் சொல்லியிருக்காங்க சாமி. அவரு கேக்கல. பிள்ளை சொன்ன பேச்சு கேக்காததுக்கு அவங்க அடி வாங்கிட்டாங்க. அவருக்கு அம்மான்னே சொல்லுங்க."

புரோகிதர் சற்று யோசித்தார். பிறகு, அப்பாவின் அம்மாவுக்கு எந்த வார்த்தை சொல்வாரோ அதே வார்த்தையைச் சொல்லி, தெரேசாவின் பெயரைச் சேர்த்தார். அமிர்தலிங்கம் மூன்று முறை தண்ணீர் விட்டார். மூன்றாவது முறை மிச்சமிருந்த எள் அத்தனையும் ஒரேயடியாக ஆற்றில் விழுந்தது.